"மெட்ரோ வருது மேடம்" – ஆடி மாசத்துல ஆறு நாள் வீடு தேடின கதை

முதல் நாள் – ஜூலை 21, 2025, திங்கள்

பொண்ணுக்கு சென்னையில வேலை கிடைச்சிருக்கு, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ், ஆகஸ்ட்ல சேரணும். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தெரிஞ்சாலும் அந்த ஆபீஸ் இருக்கிற ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுல, ஓட்ட நான் விடப்போறதில்ல. அதனால ஒரே கண்டிஷன்தான், பஸ்லயோ ட்ரெயின்லயோ போய்ட்டு வர்ற மாதிரி வீடு. அது எப்படிப்பட்ட வீடுன்னு கார்ல போய்ப் பாத்தா தெரியாதுல்ல, அதான் ஆறு நாளும் தனி ஆட்டோ, கால் டாக்ஸி எதுவும் கிடையாதுன்னு எனக்கு நானே சொல்லிட்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோ மட்டும் ஓகே, அது பஸ் கணக்கு.

ஆடியில போய் யாராவது வீடு பாப்பாங்களான்னு மாமியார் கேட்டாங்க. பாக்குறதுக்கு ஆடி என்ன ஆவணி என்ன, பால் காய்ச்சறதுதான கூடாது. இன்னொரு விஷயம், ஆடியில வீட்டுக்காரங்க கொஞ்சம் இறங்கி வருவாங்க.

திருச்சியில பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்ட் போன வாரம்தான் ஓட ஆரம்பிச்சுது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல குடியிருக்கிற நான் ஊருக்கு வெளிய பஞ்சப்பூர் போய் பஸ் ஏறி, விடிகாலை நாலரைக்கு கிளாம்பாக்கத்துல இறங்கினா அதுவும் சென்னைக்கு வெளியதான் இருக்கு. ரெண்டு ஊர்லயும் ஸ்டாண்டைத் தள்ளி வச்சிட்டாங்க, நடுவுல நாந்தான் பையைத் தூக்கிட்டு அலையுறேன்.

கிளாம்பாக்கம் பெரிய இடம், 88 ஏக்கர், சுத்தமா இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. ஆனா எதிர்லயே ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் போற சத்தம் கேக்குது, ஏறத்தான் முடியாது. ஸ்டேஷன் இன்னும் கட்டிட்டு இருக்காங்க. ஸ்டேஷன் முதல்ல வந்து அப்புறம் பஸ் ஸ்டாண்ட் வந்திருந்தா ஒரு அழகு. ஏர்போர்ட்ல இருந்து இங்க வரைக்கும் 15 கிலோமீட்டருக்கு மேல மெட்ரோவும் திட்டத்துல இருக்கு, அது வர்றப்போ என் பேத்திக்கு வீடு தேட வருவேன்னு நினைக்கிறேன்.

பஸ்ல தாம்பரம் (டிக்கெட் இல்ல, பொம்பளைங்களுக்கு சாதா பஸ் ஃப்ரீ, 2021ல இருந்து), அங்க இருந்து ட்ரெயின்ல பரங்கிமலை. சித்தி வீடு வேளச்சேரியில. பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் நடுவுல 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாலம் போடுறாங்க போடுறாங்கன்னு நான் சென்னையில இருந்த காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கேன். வேளச்சேரி வரைக்கும் 2007ல ரயில் வந்துடுச்சு. அப்புறம் ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு கேஸ் நடந்து நடந்து, ரெண்டு பக்கமும் பாலம் நிக்க நடுவுல மட்டும் வானம் தெரிஞ்சுது பல வருஷமா. இப்ப இடைவெளிய மூடிட்டாங்க, ரயில்தான் இன்னும் வரல. நான் அந்தப் பாலத்தை அண்ணாந்து பாத்துட்டே ஷேர் ஆட்டோவுல நாலாவது ஆளா ஒரு பக்கம் தொங்கிட்டு வேளச்சேரி போய்ச் சேர்ந்தேன்.

ரெண்டாம் நாள் – செவ்வாய்

வேளச்சேரி ஸ்டேஷன்ல 5 ரூபா டிக்கெட். ஒரு டீ பதினஞ்சு ரூபா விக்கிற ஊர்ல இன்னும் 5 ரூபாய்க்கு ஒரு ரயில் பயணம் இருக்கு, கண்ணு வைக்காதீங்க. பெருங்குடி, தரமணி, அடுத்து திருவான்மியூர். பெருங்குடின்னு போர்டைப் பாத்து ஏமாந்துடாதீங்க, எல்லாரும் சொல்ற ஓஎம்ஆர் பெருங்குடி அங்க இருந்து நடந்து போற தூரம் இல்ல.

திருவான்மியூர்ல இறங்கினா டைடல் பார்க். அது 2000ல வந்துச்சு, ரயில் 2004ல வந்துச்சு. ஆபீஸ் வாசல்ல ஸ்டேஷன் இருக்கிறது எவ்வளவு நல்ல விஷயம்னு அங்க காலையில இறங்குற கூட்டத்தைப் பாத்தா புரியும். ஆனா அதோட முடிஞ்சுது, ரயில் அந்தப்பக்கம் வேளச்சேரிக்குத் திரும்பிடும், அப்புறம் வந்த கம்பெனி எல்லாம் ரயில் போகாத பக்கமா தெக்க தெக்கப் போய் சிறுசேரி வரைக்கும் கட்டிட்டாங்க. 102, 19 ரெண்டுல எது வந்தாலும் ஏறலாம். ஏறினேன். உக்கார இடம் கிடைக்கல, கண்டக்டர் உள்ள போம்மா உள்ள போம்மான்னு தள்ளி விட்டாரு, உள்ள எங்கப்பா இருக்கு இடம்.

ஓஎம்ஆர் முழுக்க நடு ரோட்டுல நீலத் தகரம், தூண், கிரேன். மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் 45 கிலோமீட்டர் லைன் இது. மெட்ரோ ரெண்டாம் கட்டம் மொத்தமா மூணு லைன், 118 கிலோமீட்டருக்கு மேல, 63,246 கோடி. சோழிங்கநல்லூர்ல ரெண்டு லைன் வந்து சேரும், இன்னொண்ணு மேடவாக்கம் வழியா வர்றது. அதனால சோழிங்கநல்லூர் புரோக்கர் வாயில ஒரே மந்திரம்.

"மெட்ரோ வருது மேடம்."

முதல் வீடு, ரெண்டு பெட்ரூம், 30 ஆயிரம். ஏங்க இவ்வளவுன்னா மெட்ரோ வருது மேடம். ரெண்டாவது வீடு அதை விடச் சின்னது, 28, மெட்ரோ வருது மேடம். தம்பி, வந்தப்புறம் 28 வாங்கிக்கச் சொல்லுங்க, இப்ப வராததுக்கு என்ன வாடகைன்னு கேட்டேன். அவன் சிரிச்சிட்டு, வந்தா 40 ஆயிடும் மேடம், இப்பவே உள்ள வந்துடுங்கங்கிறான். சிரிக்கிறதா அழுறதா தெரியல. ஒரு தூண் நட்டு தண்டவாளம் போடுறதுக்கு அஞ்சு வருஷம் ஆகுது, வாடகைய ஏத்துறதுக்கு ஒரு அறிவிப்பு போதும்.

மூணாவதா காட்டினது பெரிய கேட்டட் கம்யூனிட்டி, இருபது மாடி இருக்கும், நீச்சல் குளம், ஜிம், ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ரெண்டு கார் நிறுத்த இடம். "மெட்ரோவுக்கு வாக்கபிள் டிஸ்டன்ஸ்"னு வாசல்லயே பேனர். நடந்து பாத்தேன். கேட்ல இருந்து மெயின் ரோடு வர 22 நிமிஷம், நடைபாதை கிடையாது, ஒரு இடத்துல தண்ணி லாரிக்கு வழி விட்டு செடிக்குள்ள ஏறி நின்னேன். ஜூலை வெயில் வேற.

மூணாம் நாள் – புதன்

இன்னைக்கு வீடு பாக்கல, காலேஜ் தோழியப் பாக்க வளசரவாக்கம். அவ அங்க மேட்சிங் சென்டர் வச்சிருக்கா, பதினாறு வருஷமா.

கிண்டி வரைக்கும் பஸ், அங்க மெட்ரோ, ஆலந்தூர்ல மாறி வடபழனி. ஆலந்தூர் எனக்குப் பிடிச்சது, ஒரு லைன் மேல, ஒரு லைன் கீழ, எஸ்கலேட்டர்ல ஏறினா அடுத்த வண்டி. 2015 ஜூன்ல ஆலந்தூர் – கோயம்பேடுதான் முதல்ல ஓடினது, அப்ப அதுல ஆள் இல்ல, ஏசிக்காக ஏறுறாங்கன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. இன்னைக்கு காலை ஒன்பது மணிக்கு கம்பியப் பிடிச்சு நிக்க கை போதல. 2024ல மட்டும் பத்தரைக் கோடி பேருக்கு மேல போயிருக்காங்க. லைன் நீள நீளக் கூட்டம் சேருது, அவ்வளவுதான், பாதி ஊருக்குப் போற ரயில்ல எவன் ஏறுவான்.

வடபழனியில இறங்கி ஆற்காடு ரோட்டுல பஸ். ஆழ்வார்திருநகர் தாண்டினதும் ரோட்டுக்கு மேல ரெண்டு அடுக்குப் பாலம், ரெண்டு மெட்ரோ லைன் ஒண்ணு மேல ஒண்ணா ஆலப்பாக்கம் வரைக்கும் ஒரே தூண்ல போகப்போகுது. கிட்ட நின்னு பாத்தா தலை சுத்துது. பூந்தமல்லி பக்கம் டிரைவர் இல்லாத வண்டிய விட்டு சோதனை பண்ணிட்டு இருக்காங்களாம்.

தோழி கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், வந்தது மூணு பேர். தகரம் அடிச்ச நாள்ல இருந்து வண்டி நிறுத்த இடமில்ல, எதிர்ப்பக்கம் இருக்கிறவங்க ரோட்டைக் கடந்து வர முடியல, ரெகுலர் கஸ்டமர் எல்லாம் ஆன்லைன் போய்ட்டாங்க. சரி, மெட்ரோ வந்தா வாசல்லயே கூட்டம் இறங்குமேடின்னேன். அதுக்கு அவ சொன்னா, "இறங்கும், ஆனா அப்ப இந்தக் கடை என்கிட்ட இருக்காது. போன மாசமே ஓனர் சொல்லிட்டாரு, அடுத்த வருஷம் வாடகை டபுள், இல்லன்னா இடிச்சு காம்ப்ளக்ஸ்." அஞ்சு வருஷம் தூசி தின்னது ஒருத்தி, ரயில் வந்தப்புறம் கல்லாவுல உக்காரப் போறது வேற ஒருத்தர். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, ரெண்டு லைனிங் துணி வாங்கிட்டு வந்தேன்.

ராத்திரி சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் ரிட்டயர் ஆன டிராஃப்ட்ஸ்மேன், நாப்பது வருஷம் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுத்தவர். அவர் பேச ஆரம்பிச்சா சாம்பார் ஆறிடும். எஃப்எஸ்ஐன்னு ஒண்ணு, ஒரு கிரவுண்டு இடம் இருந்தா அதுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்னு கணக்கு, இங்க சாதாரணக் கட்டடத்துக்கு 2, ஹைரைஸ்னா 3.25, அதுக்கு மேல வேணும்னா காசு கட்டி பிரீமியம் வாங்கிக்கலாம். ஸ்டேஷனைச் சுத்தி அதிகமா கட்ட விட்டா அதிகம் பேர் நடந்தே ரயிலுக்குப் போவாங்க, அந்தக் காசுல ரோடு, நடைபாதை போடலாம், இதான் ஐடியா. "ஐடியா நல்ல ஐடியாதான்மா, ஆனா ஸ்டேஷன் பக்கத்துல கட்டுறவன்கிட்டயும் இத்தனை ஃப்ளாட்டுக்கு இத்தனை கார் பார்க்கிங் காட்டுன்னு கேட்டா அவன் என்ன பண்ணுவான்? கார் வச்சிருக்கிறவனுக்குத்தான் விப்பான். கார் வச்சிருக்கிறவன் எதுக்கு ரயிலுக்கு நடக்கப் போறான்?"

நேத்து பாத்த ரெண்டு கார் பார்க்கிங் வீடு ஞாபகம் வந்துச்சு.

நாலாம் நாள் – வியாழன், ஆடி அமாவாசை

சித்தி முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருந்தாங்க, நானும் கூடப் போனேன். அந்த அம்மன் பேர்லயே பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, 2014ல திறந்தது. பூக்கூடை, வேப்பிலை, கூழுக்குத் தூக்குவாளி, கைக்குழந்தைன்னு பெட்டி முழுக்க மஞ்சப் புடவை. ரயிலே கோயிலுக்குப் போற மாதிரி இருந்துச்சு. ஸ்டேஷன்ல இருந்து கோயில் நடக்கிற தூரம், வழியெல்லாம் கடை, வளையல், எலுமிச்சம்பழம், மோர். இந்த மூணு நாள்ல நான் பாத்ததுல ஒரு ஸ்டேஷனும் ஊரும் ஒண்ணா ஒட்டி இருந்தது இங்கதான், அதை எந்த பிளானும் போட்டு வரல, அம்மன் முதல்லயே அங்க இருந்துட்டா.

மத்தபடி பறக்கும் ரயிலோட கதை வேற. 1995ல பீச் – சேப்பாக்கம், 1997ல மயிலாப்பூர் வரைக்கும் வந்துச்சு. அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன், சித்தப்பா முதல் தடவை கூட்டிட்டுப் போனப்போ அரண்மனைக்குள்ள போற மாதிரி இருந்துச்சு. நிலம் வாங்குற தொல்லை குறைவுன்னு பக்கிங்காம் கால்வாய் ஓரமாவே போட்டாங்க. ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் பல மாடி, ரயில் ஓடுறதுக்கு ஒரு மாடி போதும், மிச்ச மாடியெல்லாம் கடைக்கும் ஆபீஸுக்கும் வாடகைக்கு விட்டு அந்தக் காசுல ரயில் ஓட்டலாம்னு கணக்கு. இன்னைக்கு பெரிய பெரிய ஊர்ல எல்லாம் பண்றாங்களே அதேதான், முப்பது வருஷம் முன்னாடியே நம்ம ஆளு யோசிச்சிருக்கான். ஆனா கட்டினது கால்வாய் ஓரத்துல, மெயின் ரோட்டுக்கு முதுகக் காட்டிட்டு. ரோட்டுல இருந்து பாத்தா வாசல் எதுன்னே தெரியாது. கடை வைக்க எவன் வருவான்? வரல. இன்னைக்கும் பல ஸ்டேஷன்ல முக்கால்வாசி வெறும் தரை, தூண், புறா. மெட்ரோவோட சேக்கப்போறோம்னு பல வருஷமா பேச்சு ஓடிட்டு இருக்கு.

கோயில்ல இருந்து லஸ் வரைக்கும் நடந்து வந்தோம். அங்க திருமயிலை மெட்ரோ ஸ்டேஷனுக்குத் தோண்டுறாங்க, ஏறக்குறைய 35 மீட்டர் ஆழம், பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாப் பூமிக்குள்ள இறக்கின மாதிரி. ரெண்டு லைன் அங்க அடுக்கடுக்காப் போகும். சித்தப்பா அப்பா காலத்துல இதே மயிலாப்பூருக்கு டிராம் வந்துட்டு இருந்துச்சாம், 1895ல ஆரம்பிச்சு 1953ல நிறுத்திட்டாங்க. ரோட்டு மட்டத்துல ஓடினதை எடுத்துட்டு, அப்புறம் ஆகாசத்துல ஓட்டி, இப்ப பாதாளத்துக்குப் போறோம். சித்தி இதைக் கேட்டுட்டு, "எங்க ஓடினா என்ன, படி ஏறாம இறங்காம போற மாதிரி ஒண்ணு விடச் சொல்லு"ன்னாங்க. முட்டி வலி அவங்களுக்கு.

அஞ்சாம் நாள் – வெள்ளி

மாம்பலம். வீடு கிடைக்கும்னு இல்ல, ஆடித் தள்ளுபடி, வேற என்ன. போனதுக்கு நியாயம் கற்பிக்கணும்னா அந்த ஆகாய நடைபாதையப் பாக்கணும்னு வச்சுக்கலாம். மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் 570 மீட்டர், 2023ல திறந்தது. மேல நடந்தா பத்து நிமிஷத்துல பஸ் ஸ்டாண்ட், வெயில் மழை எதுவும் படாது, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மேல நடக்கிறதை விட கீழ ரங்கநாதன் தெருவுல இடிச்சிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. கடை கீழதான இருக்கு.

தி.நகரே ரயிலால வந்த ஊருதான்னு சித்தப்பா சொல்லுவாரு. மாம்பலத்துல ஸ்டேஷன் 1911ல வந்துச்சு, பக்கத்துல பெரிய ஏரி, ஊருன்னு பெருசா எதுவும் இல்ல. தி.நகர் 1920கள்ல போட்டாங்க, 1931ல பீச் – தாம்பரம் மின்சார ரயில் வந்துச்சு. ரயிலைச் சுத்தி ஊரைக் கட்டுறதுக்கு இப்ப டிஓடின்னு பேரு, அப்ப எவனும் இதுக்கு இங்கிலீஷ்ல மூணெழுத்துப் பேர் வைக்கல, ஸ்டேஷனுக்குப் பக்கத்துல மனை பிரிச்சான், குமாஸ்தா வீடு கட்டினான், குமாஸ்தா வீட்டுக்காரம்மாவுக்குக் காய்கறி வேணும்னு மார்க்கெட் வந்துச்சு, அவ்வளவுதான். ஏரி போச்சு, அது வேற கதை, டிசம்பர் மழை வந்தா அந்தக் கதைய ஏரியே சொல்லும்.

சாயங்காலம் திருவொற்றியூர் அத்தை வீடு. மெட்ரோ அந்தப் பக்கம் 2021ல வந்துச்சு, 9 கிலோமீட்டர். முன்னாடி அத்தை வீட்டுக்குப் போறதுன்னா கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கிட்டு அரை நாள் போயிடும், நல்லது கெட்டதுக்குத் தவிர யாரும் போக மாட்டோம். இன்னைக்கு தேரடி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போய்ட்டேன். "இப்பல்லாம் சொந்தக்காரங்க அடிக்கடி வர்றீங்க, காபி தூள் செலவு ஏறிப்போச்சு"ன்னு அத்தை சிரிக்கிறாங்க. ஒரு ரயில் லைனுக்கு இதை விட நல்ல சர்டிபிகேட் நான் கேட்டதில்ல. இங்கயே பொண்ணுக்கு வீடு பாத்துடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்புறம் சோழிங்கநல்லூர் எந்தக் கோடியில இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. சென்னைப் பெருநகர்னு 1,189 சதுர கிலோமீட்டரா இருந்ததை 2022ல 5,904 ஆக்கிட்டாங்க. காகிதத்துல கோட்டை இழுத்தாச்சு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ட்டு வரணுமே.

ஆறாம் நாள் – சனி

வீடு கிடைச்சிடுச்சு.

எங்கன்னு சொல்ல மாட்டேன், பொண்ணு தனியா இருக்கப்போற இடம். பறக்கும் ரயில் ஸ்டேஷன் ஒண்ணுக்குப் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. பழைய ஃப்ளாட், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கார் பார்க்கிங் கிடையாது. வாடகை 19, பேசிப் பேசி 17,500. வீட்டுக்காரம்மா ஒரு தடவை கூட மெட்ரோ வருதுன்னு சொல்லல. கீழ ஒரு மாவுக்கடை, பக்கத்துல மருந்துக்கடை, இஸ்திரி வண்டி. சித்தப்பா வந்து சுவரைத் தட்டிப் பாத்துட்டு, எண்பதுகள்ல கட்டினது, கம்பி நல்லா இருக்குன்னாரு. ரயில் ஏறி டைடல்ல இறங்கி 19ஓ 102ஓ பிடிச்சா ஆபீஸ். நான் காலையில போய்ப் பாத்தேன், பஸ்ஸுக்கு நின்னதும் சேர்த்து 50 நிமிஷம். ஆடி முடியட்டும்னு டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டு வந்தேன், ஆவணியில பால் காய்ச்சிக்கலாம், அது வரைக்கும் அவ சித்தி வீட்டுல இருப்பா.

ராத்திரி எட்டரைக்கு மறுபடி போனேன். அவ ஆபீஸ் முடிஞ்சு வர்ற நேரம் அதான இருக்கும். ரயில்ல இருந்து இறங்கினது பத்துப் பன்னண்டு பேர். பிளாட்ஃபார்ம்ல வெளிச்சம் இருந்துச்சு, படியில இறங்கி வந்தா அந்தப் பெரிய காலி ஹால், அங்க ரெண்டு நாய் படுத்திருந்துச்சு, என்னைப் பாத்து தலையத் தூக்கிட்டு மறுபடி படுத்துக்கிச்சு. வெளிய வந்து கால்வாய் ஓரமா ஒரு சந்து, அதுல திரும்பினா வீடு. பொண்ணுக்கு வீடியோ கால் போட்டு ஃபோனைத் திருப்பிக் காட்டிட்டே நடந்தேன்.

"அம்மா ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்கு."

"இரு, முன்னாடி ஒரு லைட் இருக்கு."

எண்ணிப் பாத்தேன், ஸ்டேஷன் வாசல்ல இருந்து வீட்டு கேட் வரைக்கும் 410 அடி எடுத்து வச்சேன், லைட் கம்பம் ஏழு, எரியறது மூணு. நாலாவது கம்பத்துக்குக் கீழ ஒரு அக்கா தள்ளுவண்டியில இட்லிக் கடை போட்டு, சொந்தமா ஒரு எல்இடி பல்பு கட்டி வச்சிருந்தாங்க. எத்தனை மணி வரைக்கும்கா இருப்பீங்கன்னு கேட்டேன். கடைசி வண்டி போற வரைக்கும்னாங்க. நாலு இட்லி பார்சல் வாங்கிட்டு, பொண்ணு ஃபோட்டோவ அவங்ககிட்ட காட்டினேன்.